கூத்துக்கு மொழி வேண்டாவாம்!

"கலைக்கு மொழியில்லை, கண்ணும் காதும் இருந்தாற் போதும்" என்பார் சிலர். இமயத்தின் மடியிலுள்ள தருமசாலையில் திபேத்திய ஏதிலியர் எடுக்கும் சோடன் கூத்துவிழாவைக் கண்டு வருவோர் வாயில் இவ்வுரை தவறாமல் வருகின்றது. நீல முகமூடி அழகாம், பட்டாடை அழகாம், பாட்டின் பொருள் விளங்காவிடினும் உள்ளம் உருகிற்றாம்! உருகிய உள்ளம் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிடுகின்றது. அந்தப் பாட்டைத் தாங்கி நிற்கும் மொழி, தான் பிறந்த மண்ணில் இன்று என்ன பாடு படுகின்றது?

அறியாமையால் வந்த உரையாயின் பொறுத்துக் கொள்ளலாம். ஆனால், திபேத்தை ஆளும் சீன அரசும் ஏறத்தாழ இதையேதான் விரும்புகின்றது. ஆடை இருக்கட்டும், ஆட்டம் இருக்கட்டும், முகமூடியும் இருக்கட்டும், மொழி மட்டும் போகட்டும் என்பதே அதன் போக்கு. பாராட்டுவோனும் பறிப்போனும் ஒரே சொல்லைச் சொல்வாராயின், அச்சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டியவன் பாராட்டுவோனே.

அக்கூத்தின் பெயர் ஆச்சே இலாமோ. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தங்தோங் கியால்போ என்னும் துறவி அதனைத் தோற்றுவித்தார் என்பது திபேத்தியர் மரபு. அவர் மலைக்குகையில் முடங்கிக் கிடந்த துறவியல்லர். பேராறுகளின் குறுக்கே இரும்புத் தொடர்ப் பாலங்கள் அமைத்தவர். பாலப் பணிக்குப் பொருள் திரட்ட உடன்பிறந்த மகளிர் எழுவரை ஆடிப் பாடச் செய்தாராம். கண்டவர் "வானமகளிரே வந்தனர்" என வியந்தனராம். 'அக்கை வானமகள்' என்று பொருள்படும் பெயர் அதனால் வந்தது என்பர். (ஆச்சே என்னும் சொல் நம் ஆச்சியை நினைவூட்டுகின்றதே என்று உடனே வேர்ச்சொல் ஆராயப் புகுவார் உளர். வேண்டா, ஒலி ஒத்த அளவில் உறவு ஆகிவிடாது.)

இக்கூத்துக்கு மேடையில்லை. திறந்த வெளியில் ஒரு மேற்கட்டி, அதன் நடுவே தங்தோங் கியால்போவின் திருவுருவம், சுற்றிலும் மக்கள். இசைக்கருவி என்பன ஒரு முழவும் ஓர் இணைத் தாளமுமே. யாழும் இல்லை, குழலும் இல்லை. முதலில் நீல முகமூடியணிந்த வேடர் வந்து களத்தைத் தூய்மை செய்வர், பின்னர் முதியோர் வாழ்த்துவர், வானமகளிர் பாடுவர். அதன்பின் கதை தொடங்கும். கதைசொல்லி ஒருவர் உரைநடைப் பகுதியை மூச்சு விடாமல் கடகடவெனச் சொல்லிச் செல்வார். அவர் நிறுத்திய இடத்தில் அக்கதைமாந்தர் தம் பாட்டை நீண்ட இழுப்போடு எடுப்பார்; மற்றையோர் உடன்சேர்ந்து அதனைத் தாங்குவர். ஒவ்வொரு கதைமாந்தர்க்கும் தனித்தனி மெட்டு உண்டு. காலையில் தொடங்கிய கூத்து மாலையில் முடியும். இலாசா நகரின் நோர்புலிங்கா தோட்டத்தில், தயிருண்ணும் திருநாளாகிய சோடனில், இப்படி நாள் நாளாக ஆடினர்.

இதில் மொழியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது யாது? ஒரு முழவும் ஓர் இணைத் தாளமும்! தெருக்கூத்தில் கட்டியங்காரன் வாயைக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கலை என்று எவனேனும் சொன்னால் நம் சிற்றூர்க்காரன் ஒப்புவானா?

சான்றுக்கு ஒரு கதையை எடுத்துக் கொள்ளலாம். கியால்சா பெல்சா என்னும் கூத்து, 7ஆம் நூற்றாண்டில் திபேத்தை ஆண்ட சோங்சென் கம்போ மன்னனுக்குச் சீன இளவரசியும் நேபாள இளவரசியும் மணமகளிராய் வந்த வரலாற்றைக் கூறுவது. திபேத்தியர் இதைச் சொல்லும்போது அவையின் கண்ணெல்லாம் கார் என்னும் அமைச்சன்மீதே இருக்கும். சீன வேந்தனுக்குத் தன் மகளைத் திபேத்துக்குத் தர மனமில்லை. பல நாட்டுத் தூதரும் வந்து போட்டியிடுகின்றனர். வேந்தன் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வு வைக்கின்றான். உள்ளே சுருண்டு சுருண்டு செல்லும் துளையுடைய பச்சை மணியில் பட்டு நூலைக் கோக்க வேண்டும். பிறர் எல்லாரும் தோற்கின்றனர். கார் ஓர் எறும்பின் இடையில் நூலைக் கட்டித் துளைக்குள் விட்டு மறுபுறம் வரவழைக்கின்றான். நூறு குதிரைத் தாயையும் நூறு குட்டியையும் கலந்து விட்டு, எது எதன் குட்டி என்று கேட்கின்றான் வேந்தன். குட்டிகளை ஓரிரவு தனியே அடைத்துவைத்து மறுநாள் திறந்து விடுகின்றான் கார். பசித்த குட்டி தன் தாயிடம் தானே ஓடுகின்றது! கூடியிருக்கும் திபேத்தியக் கிழவியும் சிறுவனும் கை கொட்டிச் சிரிக்கும் இடம் இது. பேரரசின் செருக்கைச் சிறுநாட்டின் அறிவு வென்ற இடம் அன்றோ!

2013இல் இலாசாவில் சுற்றுலாவினர்க்காகப் பெரும்பொருட்செலவில் 'இளவரசி வென்செங்' என்னும் காட்சி தொடங்கப்பட்டது. கதை அதே கதைதான். ஆனால் அங்கே தலைமை அமைச்சனுக்கு இல்லை, இளவரசிக்கு. இருண்ட மலைநாட்டுக்கு ஒளி கொண்டுவந்த சீனத் திருமகள் அவள்; அன்றே இரு நாடும் ஒன்றாயின என்பது காட்சியின் கருத்து. ஆடை திபேத்தியம், மலை திபேத்தியம், ஆடுவோரிற் பலரும் திபேத்தியர். கதையின் நாவை மட்டும் அறுத்து வேறு நாவை ஒட்டிவிட்டனர். "கலைக்கு மொழியில்லை" என்போர் இரண்டையும் கண்டு இரண்டுக்கும் ஒரே அளவில் கை தட்டுவர். வேறென் செய்வர்?

பண்பாட்டுப் புரட்சி என்னும் பெயரில் 1966 முதல் பத்தாண்டு நடந்த அழிம்பில் மடங்கள் இடிந்தன, பழங்கூத்துகள் வாயடைத்தன. 1980களில் சோடன் விழா மீண்டும் தலைகாட்ட விட்டனர். விழாவுக்கு இசைவு கிடைத்தது, பாட்டுக்குக் கிடைக்கவில்லை. 1993இல் இலாசாவின் திராப்சிச் சிறையில் இருந்த துறவுப்பெண்கள் பதினால்வர், மறைவாகக் கிடைத்த ஒலிநாடாக் கருவியில் தம் நாட்டையும் தம் பெற்றோரையும் எண்ணிப் பாடிய பாடல்களைப் பதிந்து வெளியே அனுப்பினர். அதற்காக அவர்தம் தண்டனை 5 ஆண்டு முதல் 9 ஆண்டு வரை நீட்டப்பட்டது.

கருநாடக மாநிலத்து முண்டுகோடு குடியிருப்பில் வளர்ந்தவர் நவாங் சோபெல். தருமசாலையில் இசை பயின்று, அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று, 1995இல் திபேத்துக்குள் சென்றார். அவர் கையில் இருந்தது படப்பிடிப்புக் கருவி; தேடியது நடவுப் பாட்டும், கள் வார்க்கும் பாட்டும், கிழவர் வாயில் எஞ்சியிருந்த பிற பாட்டுகளும். உளவாளி என்று சிறைப்படுத்தி 1996இல் 18 ஆண்டுத் தண்டனை தந்தனர்! அவரை இரண்டு அகவையில் மலை கடந்து தூக்கி வந்த தாய், மகன் படத்தை ஏந்தித் தில்லித் தெருவில் அமர்ந்தார். 2002இல்தான் மகன் விடுவிக்கப்பெற்றார். அவர் எடுத்த 'திபேத்து பாட்டில்' என்னும் படம் 2009இல் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. அதே 2009இல் யுனெசுகோ நிறுவனம் திபேத்தியக் கூத்தை மாந்த இனத்தின் அருஞ்செல்வப் பட்டியலில் சேர்த்தது. முன்மொழிந்த நாடு எது? சீனம்! நாடுகளே முன்மொழியலாம் என்பது அங்குள்ள முறை. நாடிழந்தவனுக்கு அவ்வவையில் வாயில்லை.

நாடிழந்தவர் செய்தது வேறு. 1959 பங்குனியில் தலாய் இலாமா இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தார். உடன் வந்தோர்க்குக் கூரையில்லை. பலர் மலைச்சாலை போடும் கூலிவேலைக்குச் சென்றனர். வெப்பம் தாங்காமல் நோயுற்று மாண்டோர் பலர். அந்த ஆண்டிலேயே காலிம்பொங்கில் ஒரு கூத்துக் கழகம் தொடங்கினர். சோற்றுக்கே வழியில்லாதபோது கூத்தா என்று நகைத்தோர் இருந்திருப்பர். அக்கழகமே பின்னர்த் தருமசாலைக்குப் பெயர்ந்து, இன்று திபேத்திய நிகழ்த்துகலைக் கழகமாய் நிற்கின்றது. அங்குப் பயின்றோர் குடியிருப்புப் பள்ளிகளுக்கு ஆசிரியராய்ச் செல்கின்றனர்.

திபேத்துக்கு உள்ளே இருப்போரும் வாளா இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டுப் போராட்டங்களுக்குப் பின், அறிவன்கிழமை (புதன்) தோறும் தம் உடையுடுத்துத் தம் மொழியே பேசுவது என்னும் உறுதி பரவியது. 'இலாக்கர்' என்பது அதன் பெயர். பேச்சில் சீனச்சொல் கலந்தால் சொல்லுக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே தண்டம் விதித்துக் கொண்ட ஊர்களும் உண்டு. பிறமொழிக் கலப்பை நீக்குவது வேலையற்றோர் வேலை என்று இங்கே எள்ளுவோர், படைக்காவலுக்கு நடுவே அதனைச் செய்வோரை எண்ணிப் பார்க்கட்டும். தாய்மொழிக் கல்வி கேட்ட தாசி வாங்சுக் என்னும் கடைக்காரர் 2016இல் சிறைப்பட்டு ஐந்தாண்டு அங்கிருந்தார். ஏறத்தாழ 10 இலக்கம் திபேத்தியக் குழந்தைகள் பெற்றோரைப் பிரித்துச் சீனமொழி விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ளனர் என்று ஒன்றிய நாடுகள் அவையின் வல்லுநர் மூவர் 2023இல் கவலை தெரிவித்தனர்.

எனினும் பழியெல்லாம் சீனத்துக்கே என்று எழுதி முடித்துவிட்டால் உண்மை பாதியாகும். 2009 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 94,000 திபேத்தியர் இருந்தனர். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். மலை கடந்து புதிதாய் வருவோர் தொகையும் 2008க்குப் பின் மிக அருகிவிட்டது. அங்கிருந்து வந்து பழம்பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் புதுக்குரல் இனி எளிதிற் கிட்டாது. குடியிருப்புகளில் வளரும் இளைஞர்க்கு இந்தித் திரைப்பாட்டு நாவில் இயல்பாய் வருகின்றது. கூத்தின் செந்நடைத் திபேத்தியமோ காதில் விழுந்தும் கருத்தில் ஏறுவதில்லை. அயல்நாட்டு மேடைகளுக்கென்று ஒருநாட் கூத்து ஒருசில மணியளவாய்க் குறுக்கப்படுகின்றது. குறுக்கும்போது முதலில் வெட்டப்படுவது எது? கதைசொல்லியின் உரை! ஆட்டத்தை வெட்டினால் காண்போர் முகம் சுளிப்பரே!

அவ்வுரையை வெட்டுவது எறும்பின் இடுப்பிலிருந்து நூலை அவிழ்ப்பதாகும். முழுப் பனுவலையும் குடியிருப்புப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்துச் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிப் பயிற்றட்டும். காலை முதல் மாலை வரை முழுமையாக ஆடட்டும். காண வந்த வெளியார்க்குப் பொறுமையில்லையெனில் எழுந்து போகட்டும்.