சிமிட்டாத விளக்கு

விளக்கு என்றால் எரிய வேண்டும். இதைக்கூட ஒரு கட்டுரை எழுதித்தான் நிலைநாட்ட வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், கோயில் திருவிழா, பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, பையனுக்குக் கல்யாணம், எதுவானாலும் வாசலில் ஒரு சரம் தொங்குகிறது. அது எரிவதில்லை, சிமிட்டுகிறது. ஓடுகிறது, நிற்கிறது, மங்குகிறது, திடீரென்று பைத்தியம் பிடித்ததுபோல் துடிக்கிறது. விருந்தாளிகள் இரண்டு மணி நேரம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். விளக்குக்கோ விடியும்வரை வேலை. எதிர்வீட்டுக்காரனின் தூக்கத்தைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலங்கார விளக்கே கூடாது என்று சொல்லும் சந்நியாசி அல்ல நான். மாலை மங்கி வரும் நேரத்தில் ஒரு மண்சுவரின் மேல் சிவப்பும் பச்சையுமாய் நாலு விளக்கு எரிந்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: காசு கொடுத்து வாங்கிய விளக்கு, சுவிட்சைப் போட்டதும் நிலையாக எரிய வேண்டும். ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் பிறகு பொத்தானை அழுத்தி ஆட வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு நடப்பது இதற்கு நேர் விரோதம். ஆட்டம் தானாக வருகிறது. ஒளியைத்தான் மெனக்கெட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையை விட்டுக் கிழக்கே, கடலை நோக்கித் திரும்பினால் பூரணாங்குப்பம் வரும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். மோட்டார் காயில் கட்டுவது, மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றுவது, இதெல்லாம் அவருக்கு அன்றாடச் சோறு. கார்த்திகை பிறந்தால் ஒரு புதுத் தொழில் சேர்ந்துகொள்கிறது. கடையிலே புத்தம் புதிதாய் வாங்கிய சீரியல் செட்டைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்து, "ஆடாம நின்னு எரியற மாதிரி பண்ணிக் குடுப்பா" என்று கேட்கிறார்களாம். கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

"புதுச் சாமானைக் காசு குடுத்து வாங்கி, மறுபடியும் காசு குடுத்துக் கெடுத்துக்கறாங்க பாருங்க, சார்!" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டுப்போய் வந்த சாமானை அவர் செப்பனிட்டுத் தருகிறார் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சரங்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எல்.இ.டி. வருவதற்கு முன்னால் அரிசி மணி போன்ற சின்னஞ்சிறு பல்புகள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாகக் கோத்திருப்பார்கள். அதனால்தான் 'சீரீஸ்' என்பது நம் வாயில் 'சீரியல்' ஆகி, இன்று சாயங்காலத் தொலைக்காட்சி அழுகைக்கும் வாசல் விளக்குக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. 230 வோல்ட் மின்சாரத்தை 6 வோல்ட் பல்புகள் சுமார் 40 பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் செத்தால் அத்தனை பேரும் இருட்டு. செத்தவரைக் கண்டுபிடிக்கத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த இரவுகளை நாற்பது வயது கடந்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சரமும் சிமிட்டியது. ஆனால் அதன் சூட்சுமம் ஒரே ஒரு பல்பில் இருந்தது. அந்தப் பல்பினுள்ளே இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த சிறு தகடு. இழை சூடானால் தகடு வளைந்து இணைப்பை விட்டு விலகும். சரம் முழுவதும் அணையும். ஆறினால் பழைய இடத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும், சரம் எரியும். இந்தப் பல்பு கிடைக்காத இடத்தில் நம் ஊர் ஆட்கள் டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைச் சரத்தோடு சேர்த்துவிட்டு அதே வித்தையைக் காட்டினார்கள். அதற்குள்ளும் அதே மாதிரித் தகடுதான். வேண்டாம் என்றால் வைத்தியம் வெகு சுலபம். அந்தப் பல்பைப் பிடுங்கிவிட்டு, அதே வோல்ட் உள்ள சாதாரணப் பல்பைச் செருகினால் போதும். வீட்டு எஜமானருக்கு அவருடைய விளக்கின் மேல் அதிகாரம் இருந்தது.

இப்போது அந்த அதிகாரம் ஒரு தீப்பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குப் போய்விட்டது. பெட்டியைத் திறந்தால், கறுப்புப் பொட்டு வைத்ததுபோல் பிசின் சொட்டுக்கு அடியில் ஒரு சில்லு. மூன்று கால் வைத்த நாலு சின்ன வாயிற்காவலர்கள். மாறுமின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் டயோடுகள். வெளியே ஒரு பொத்தான். வாயிற்காவலர்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சில்லு உத்தரவு போடுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் எட்டு வகை ஆட்டம் உண்டு. காம்பினேஷன், இன் வேவ்ஸ், சீக்வென்ஷியல், ஸ்லோ குளோ என்று ஆரம்பித்து வரிசையாக எழுதியிருப்பார்கள். எட்டாவதாக, கடைசியாக, பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு இலை போடப்பட்ட ஏழை உறவினன்போல, 'ஸ்டெடி ஆன்' நிற்கும். அதாவது, விளக்கு விளக்காக எரிவது!

சரி, ஏழு தடவை அழுத்தினால் கிடைக்கிறதே, என்ன குறை என்று கேட்பீர்கள். மின்சாரம் ஒரு வினாடி போய்த் திரும்பி வரட்டும், பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். மறுபடி முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கும். மின்சாரம் சொல்லிக்கொள்ளாமல் போய்வரும் கிராமத்தில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பெட்டியைக் கட்டிவிட்ட கிருகஸ்தர் ஓர் இரவில் எத்தனை முறை மாடி ஏறுவார்? ஞாபகசக்தி உள்ள பெட்டிகளும் செய்யத்தான் செய்கிறார்கள். ஞாபகம்கூட வேண்டாமே! எட்டாவதை முதலாவதாக வைத்துச் சில்லைச் செய்தால் போதும். வரிசையை மாற்றி எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு கம்பியும் தேவையில்லை. செய்யவில்லை. கடையில் நூறு சரங்களுக்கு நடுவே துள்ளுகிற சரம்தான் கண்ணை இழுக்கிறது. கடைக்காரருடைய சௌகரியம் ஐந்து நிமிஷம். அதற்காக வாங்கினவன் வருஷம் முழுக்க அவதிப்பட வேண்டும்.

"நின்னு எரிஞ்சா டல்லா இருக்கும் சார், ஆடினாத்தான் களை" என்பது இளைஞர்களின் வாதம். விழாக் கமிட்டிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இதற்குச் சரித்திர ஆதரவும் இருக்கிறது; மறைப்பானேன்? 1882 டிசம்பரில், நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 மின்விளக்குகளைக் கட்டினார். உலகத்தின் முதல் மின்சார அலங்கார மரம் அது. மரத்தை ஒரு சுழலும் பீடத்தில் நிறுத்தி, அது சுற்றச் சுற்ற விளக்குகள் மாறி மாறி அணைந்து எரியும்படி செய்திருந்தார். ஆக, இந்தச் சாதி விளக்கு பிறக்கும்போதே கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் பிறந்தது.

இன்னொன்றையும் அவர்கள் சார்பில் நானே சொல்கிறேன். புதுச்சேரியைப்போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர் வங்காளத்துச் சந்திரநாகூர். அங்கே ஜகத்தாத்ரி பூஜை சமயத்தில் விளக்குகளாலேயே மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும், மீன் நீந்தும். பெட்டிகள் வருமுன்னே, செப்புத் தகடு பதித்த உருளையைச் சுழலவிட்டு எந்த வரிசை எப்போது எரிவது என்று தீர்மானித்தார்கள். கோயில் திருவிழாக்களில் சாரம் கட்டி உயர்த்துகிற நம் பக்கத்துச் சாமி உருவங்களும் அந்த வழியைச் சேர்ந்தவைதான். அங்கே விளக்கு அணைவதற்கு அர்த்தம் இருக்கிறது. மயிலின் தோகை மடங்குவதற்காக அணைகிறது. ஒரு கலைஞன் யோசித்து அணைக்கிறான். நம் வீட்டு வாசல் சரம் எதற்காக அணைகிறது? மடங்குவதற்கு அங்கே தோகை ஏது? நான் கதை எழுதிப் பிழைப்பவன். பாராவுக்குப் பாரா திடுக்கிட வைக்கும் கதையை வாசகர் எத்தனை பக்கம் தாங்குவார் என்று எனக்குத் தெரியும்.

களை என்கிறார்களே, இந்த நாட்டில் எதைக் களை என்று நினைத்தார்கள்? பூரணாங்குப்பத்துக்குப் பக்கத்திலேயே பாகூர் இருக்கிறது. அங்குள்ள மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்தச் சோழர் காலத்துத் தானங்களில் மிகச் சாதாரணமானது நந்தா விளக்கு. அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வைத்திருந்தார்கள். நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி அந்த இடத்துக்கு வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்குமாம். ஒரு சுடர் அசையாமல் நிற்க ஒரு மந்தையையே எழுதிவைத்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள், நின்று எரிந்தால் 'டல்' என்கிறார்கள்!

ரசனை விஷயம் என்றால் இத்தோடு விட்டுவிடுவேன். உடம்பு விஷயமும் இதில் இருக்கிறது. 1997 டிசம்பர் 16-ஆம் தேதி மாலை, ஜப்பானில் ஒரு குழந்தைகள் கார்ட்டூன் படத்தில் சிவப்பும் நீலமும் சில வினாடிகள் வேகமாக மாறி மாறிப் பளிச்சிட்டன. 600-க்கும் மேற்பட்டவர்களை, முக்கால்வாசியும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, வினாடிக்கு மூன்றிலிருந்து முப்பது தடவை வரை பளிச்சிடும் வெளிச்சம் ஆகாது. நம் வாசல் சரத்தின் நிதானமான ஆட்டங்கள் அந்த வேகத்தை எட்டுவதில்லை; துடிக்கிற ஆட்டங்கள் எட்டக்கூடும். வலிப்பு வேண்டாம், ஒற்றைத் தலைவலிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு வாரம் தன் வீட்டு ஜன்னலையே சாத்திக்கொண்டு, சொந்தத் திண்ணைக்கு வராமல் உள்ளே புழுங்குகிறவள் என்ன பாவம் செய்தாள்? பாட்டுச் சத்தம் அதிகமானால் போலீசுக்குச் சொல்லலாம். வெளிச்சம் கண்ணைக் குத்தினால் யாரிடம் சொல்வது?

பூரணாங்குப்பத்து நண்பர் செய்யும் வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் அந்த மூன்று கால் காவலர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொருவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்துவிடுகிறார். வாயில் நிரந்தரமாகத் திறந்துவிட்டது. சில்லு கத்திக்கொண்டே இருக்கலாம், கேட்பாரில்லை. டயோடுகளை மட்டும் அவர் தொடுவதில்லை. எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். டயோடுகளையும் தாண்டி நேரே பிளக்கில் இணைத்தால் விளக்கு கெட்டுப்போகலாம். எல்லாச் சரத்துக்கும் இது பலிக்காது. அடாப்டரில் ஓடும் சில சரங்களில் இரண்டே கம்பிதான். பாதி விளக்குகள் ஒரு திசைக்கும் மறுபாதி எதிர்த் திசைக்கும் கோத்திருப்பார்கள். பெட்டி திசையை மாற்றி மாற்றி விடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தால் பாதிச் சரம் இருட்டாகத்தான் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். சாதாரண வீட்டுச் சரத்துக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடையாது. தலைமுடி போன்ற கம்பி, அதன்மேல் வெங்காயச் சருகு போன்ற உறை. கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிற கெட்டிக்காரர்களுக்கு ஈரச் சுவரும் மார்கழிப் பனியும் பாடம் சொல்லிக்கொடுக்கும். கைதேர்ந்தவர் செய்யட்டும். இல்லாவிட்டால் பெட்டியே இல்லாத ரோப் லைட்டைக் கேட்டு வாங்குங்கள். அது பேசாமல் எரியும்.

ஆனால் ஊருக்கு ஊர் ஓர் எலெக்ட்ரீஷியன் உட்கார்ந்து, தொழிற்சாலை வேண்டுமென்றே செய்த கோணலை நிமிர்த்திக்கொண்டிருப்பது என்ன நியாயம்? ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கிற சாமான். விற்கிறவர்களுக்கு நம் வாய் கேட்க வேண்டும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, சரம் துள்ளுகிற அழகைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். நிலையாக எரியும்படி வைத்துத் தரச் சொல்லுங்கள். வைத்த பிறகு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். மறுபடி ஆட ஆரம்பித்தால், "இது வேண்டாம், வேறு காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் ஒரே கடையில் இப்படிக் கேட்டால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் தாமாகவே வேறு பெட்டியை எடுத்து வைப்பார்.