எம்டன் நீர்மூழ்கி அல்ல

செப்டம்பர் வந்தால் எனக்குக் கோபம் வரும் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரமும் வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சி. சென்னை மீது குண்டு பொழிந்த எம்டனைப் பிள்ளைகள் அட்டையில் அழகாக வரைந்து, கீழே 'ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. மேடையில் பேசுகிறவர்களும் ஏடுகளில் எழுதுகிறவர்களும் வருஷா வருஷம் இதைத்தானே சொல்கிறார்கள்!

மறுபடியும் சொல்கிறேன். எம்டன் தண்ணீருக்கு மேலே ஓடிய போர்க்கப்பல். 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து அதில் இருந்தன. 1914 செப்டம்பர் 22 இரவு கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆட்கள் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டார்கள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன.

நீர்மூழ்கியால் இதைச் செய்திருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய பெரிய நீர்மூழ்கிகளில் ஒன்பதாம் வகை முக்கியமானது. அதன் மேல்தளத்திலும் அதே 10.5 செ.மீ. பீரங்கிதான், ஆனால் ஒன்றே ஒன்று. அதற்கான குண்டுகள் மொத்தம் 110 அளவில்தான். எம்டன் ஒரே இரவில் சுட்டதைவிடக் குறைவு! குண்டுகள் படகின் நடுப்பகுதியில், தரைக்குக் கீழே அடுக்கப்பட்டிருக்கும். சுட வேண்டுமென்றால் ஆட்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, ஏணி வழியாக மேலே ஏற்ற வேண்டும்.

அந்தப் படகின் உண்மையான ஆயுதம் டார்பிடோ. ஏழு மீட்டர் நீளம், ஒன்றரை டன் எடை, முனையில் 280 கிலோ வெடிமருந்து. இப்படி 22 வரை கொண்டுபோனார்கள். ஆறு குழாய்களில் ஆறு. இன்னும் சில, மாலுமிகள் படுக்கும் அறையிலேயே, தரைப்பலகைக்கு அடியிலும் படுக்கைகளுக்கு நடுவிலும் கிடக்கும். மீதி, வெளியே மேல்தளத்துக்கு அடியில் நீர்புகாத உருளைகளில். அவற்றை உள்ளே இறக்கக் கடல் அடங்க வேண்டும். படகு மணிக்கணக்கில் மேலே மிதக்க வேண்டும். எதிரி விமானம் வராமலிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தறிவீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தறிக்குப் போக மிஞ்சிய இடம்தான் ஆட்களுக்கு. நீர்மூழ்கியிலும் சில டார்பிடோக்களைச் சுட்டுத் தீர்த்த பிறகுதான் கீழ்ப்படுக்கையை விரிக்கவே இடம் கிடைக்கும். மின்சார டார்பிடோ என்றால் சில நாளைக்கு ஒருமுறை குழாயிலிருந்து வெளியே இழுத்து பேட்டரியைச் சோதிக்க வேண்டும். அப்போது தூங்குகிறவன் எழுந்து ஒதுங்கியாக வேண்டும். ஒன்றைச் சுட்டதும் முன்பக்கம் ஒன்றரை டன் குறைந்து படகு மூக்கைத் தூக்கிவிடும். உடனே அந்த எடைக்குக் கடல்நீரை உள்ளே விட்டுச் சமன் செய்வார்கள்.

இந்த வகைப் படகில்தான் நேதாஜி போஸ் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் யு-180இல் ஏறினார். ஒன்பதாம் வகையை நீட்டிக் கட்டிய படகு அது. கூட வந்தவர் ஹைதராபாத்துக்காரர் அபித் ஹசன் ஒருவர்தான். டீசல் நாற்றம், வெயில் காணாத நாட்கள், கால் நீட்ட இடமில்லை. அங்கேயும் போஸ் வேலையை விடவில்லை; சொல்லச் சொல்ல அபித் எழுதிக்கொண்டார். ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கா அருகே அந்தப் படகு கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. அப்போது இருவரும் உள்ளே இருந்தார்கள்.

ஏப்ரல் 28. மடகாஸ்கர் பக்கம், கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகில் இறங்கி ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். பதிலுக்கு அங்கிருந்து இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் இரண்டு டன் தங்கமும் யு-180க்கு வந்தன. மே மாதம் சுமத்ராவின் சபாங்கில் போஸ் கரையேறினார். அடுத்த சில மாதங்களில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தார்கள். திரைப்படங்கள் அவரை நீர்மூழ்கிக்குள் நாற்காலி மேஜை போட்ட விசாலமான அறையில் உட்காரவைக்கின்றன. அந்த மனிதர் பட்ட சிரமத்துக்குச் செய்யும் அநியாயம் அது.

அவரைச் சுமந்த இரண்டு படகுகளுமே 1944இல் போயின. ஐ-29ஐ ஜூலை 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் டார்பிடோவால் மூழ்கடித்தது. சரக்குப் படகாக மாற்றப்பட்டிருந்த யு-180, ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் 56 பேருடன் காணாமல் போனது, ஒருவரும் பிழைக்கவில்லை.