ஆஸ்பத்திரி வாசலில் கம்ப்யூட்டர் பூட்டு! சாவி யார் கையில்?



2021 மே முதல் நாள். உலகத் தொழிலாளர் தினம். கொரோனா கொள்ளை நோய் நாடெங்கும் உயிர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். அன்றுதான் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசிக் கதவு திறக்கப்பட்டது. திறந்த கையோடு மத்திய சர்க்கார் அதில் ஒரு பூட்டையும் மாட்டியது. 'கோவின்' இணையதளத்தில் பெயர் பதிந்து, நாளும் நேரமும் வாங்கி வந்தால்தான் ஊசி. நேரில் வந்து நிற்பவனுக்கு இல்லை!

18 முதல் 44 வயது என்றால் யார்? மில்லில் மிஷின் ஓட்டுகிறவன், லேத்தில் நிற்கிறவன், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவள். நாட்டையே தோளில் சுமக்கிற வயது. உயிர் பிழைக்க வேண்டுமானால் முதலில் கம்ப்யூட்டரைத் தேடு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

கம்ப்யூட்டர் யார் வீட்டில் இருந்தது? சர்க்காரே 2017-18இல் எடுத்த மாதிரிக் கணக்கு சொல்கிறது: கிராமங்களில் 100 வீட்டுக்குச் சுமார் 4 வீட்டில், நகரங்களில் 23 வீட்டில். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூட்டைப் போட்டார்கள்!

ஊசியின் விலையோ அதைவிட வெட்கக்கேடு. ஒரே கோவிஷீல்டு ஊசி மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மே 24 அன்று சர்க்கார் மையங்களில் நேரில் பதிய அனுமதித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத ஏழை என்ன செய்வான் என்று சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. ஜூன் 21 முதல் சர்க்கார் மையங்களில் எல்லோருக்கும் இலவசம் என்று ஆயிற்று. பூட்டு தானாகத் திறக்கவில்லை, திறக்க வைக்கப்பட்டது!

நோட்டீஸ் போர்டில் இல்லாத கணக்கு

நோய் அடங்கிவிட்டது. பூட்டு மட்டும் போகவில்லை; வேறு கதவுகளுக்கு இடம் மாறியிருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பாருங்கள். 1964இல் தொடங்கிய பேட்டை. இங்கே கான்ட்ராக்டில் உழைக்கும் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி என்றால் இ.எஸ்.ஐ.தான். 1948ஆம் வருஷச் சட்டம் தந்த உரிமை அது, தர்மம் அல்ல. 2019 ஜூலையில் சந்தா விகிதத்தைக் குறைத்தார்கள். 100 ரூபாய் கூலிக்கு முதலாளி 4 ரூபாய் 75 காசு கட்டிய இடத்தில் 3 ரூபாய் 25 காசு; தொழிலாளி 1 ரூபாய் 75 காசு கட்டிய இடத்தில் 75 காசு. முதலாளிக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய். நமக்கு ஒரு ரூபாய்!

இனி ஒரு விதியைக் கவனியுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா ஏறியிருந்தால்தான், நோயில் படுக்கும்போது 100க்கு 70 வீதம் கூலி கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாதம் 26 நாள் வேலை வாங்கிவிட்டு 12 நாள் என்று கான்ட்ராக்டர் பதிந்தால் என்ன ஆகும்? ஆறு மாதத்துக்கு 72 நாள். கூலி பறிபோயிற்று!

இந்தத் திருட்டு எங்கே தெரியும்? கம்பெனி நோட்டீஸ் போர்டில் தெரியாது. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் தெரியும். தொழிலாளி தன் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கொண்டு உள்ளே போனால் எத்தனை நாள் சந்தா ஏறியது என்று பார்த்துவிடலாம். ஆனால் கம்ப்யூட்டர் எங்கே? பதிவில் கான்ட்ராக்டர் தன் ஆபீஸ் போன் நம்பரைக் கொடுத்திருந்தால் ரகசிய எண்ணும் அவனுக்குத்தானே போகும்? திருடன் கையிலேயே பெட்டிச் சாவி!

பூந்தமல்லிப் பக்கம் வயலில் உழைக்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை. அவளுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அதற்கு வருமானச் சான்று வேண்டும். சான்றுக்குக் கம்ப்யூட்டரில் மனுப் போட வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, மனுப் போடக் காசும் கொடுக்க வேண்டும். அட்டை கிடைத்தாலும் பெரிய சிகிச்சைக்குத்தான். மழைக்காலக் காய்ச்சலுக்கு மருந்து வாங்க உதவாது. அதற்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டும். 2017-18 மாதிரிக் கணக்குப்படி, படுக்கையில் சேர்ந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்குச் சராசரிச் செலவு 4,452 ரூபாய். தனியாரிடம் 31,845 ரூபாய். ஏழு மடங்கு! எந்த ஆஸ்பத்திரியை வளர்க்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

அம்பத்தூரில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சமா?

2023இல் ஜப்பானிய என்.டி.டி. கம்பெனி இதே அம்பத்தூரில் 6 ஏக்கரில் ஒரு டேட்டா சென்டர் வளாகத்தைத் தொடங்கியது. அதன் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 34.8 மெகாவாட் மின்சாரம் என்று திட்டம். உலகத்தின் கணக்கையெல்லாம் சேர்த்துவைக்க அம்பத்தூரில் இடம் உண்டு. அம்பத்தூர்த் தொழிலாளி தன் 78 நாள் கணக்கைப் பார்க்க ஒரு நாற்காலி இல்லை!

1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் ஓடிவிட்டது. ஆட்சிகள் மாறின. தீர்மானம் காகிதத்தில் கிடக்கிறது.

"எல்லோர் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே?" என்கிறார்கள். இருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்று, ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் ஊமை. உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் இங்கிலீஷ் படிவத்தை நிரப்பி, சான்றுகளைப் படமெடுத்து ஏற்று என்றால், மூன்றாவது ஷிப்டு முடித்து வந்தவன் என்ன செய்வான்?

"கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே?" என்று கேலி பேசுவோரும் உண்டு. 1960களில் எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் போராடினார்கள். கல்கத்தா இலாக்கோ ஹவுஸ் வாசலில் காவல் நின்றார்கள். எதற்காக? வேலையைப் பறிக்காதே என்பதற்காக. அன்று கேட்ட கேள்விதான் இன்றும்: இயந்திரம் யாருக்காக?

மக்களுக்காக ஓடினால் இயந்திரம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். ஏழைக்கு இலவச மருந்து கிடைத்தது. கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற பொதுத்துறை இணையத்தைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. மனம் இருந்தால் வழி உண்டு!

நாம் கேட்பது என்ன?

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. அன்று தொட்டு வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகைக்கு இருப்பவனும் வாடகையில் அதைச் சேர்த்தே கொடுக்கிறான். அந்தப் பணத்துக்கு வேலை கொடுங்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் இலவசக் கம்ப்யூட்டர் வேண்டும். மனு எழுத உதவச் சம்பளத்தில் ஓர் ஆள் வேண்டும். ஷிப்டு முடித்து வருகிறவனுக்காக இரவு 9 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும்.

இணையத்தில் பதியவில்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் எவரையும் திருப்பக் கூடாது. காகித மனுவும் செல்ல வேண்டும்.

இ.எஸ்.ஐ. சந்தா ஏறிய நாள்களின் பட்டியலை மாதாமாதம் தமிழில் கம்பெனி வாசலில் ஒட்ட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை வேண்டும். பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று போர் கமிட்டி 1946லேயே சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை கமிட்டி வேண்டும்?

மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே வேலையைத் தொடங்கட்டும். பேட்டையில் தோழர்களின் இ.எஸ்.ஐ. எண்களைச் சேகரியுங்கள். சந்தா எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று சங்க ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேலை செய்த நாளையும் ஏறிய நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பட்டியலோடு இ.எஸ்.ஐ. ஆபீஸ் வாசலுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள்!

பூட்டைப் போட்டவன் சாவியைத் தானாகத் தரமாட்டான். 2021இல் திறக்க வைத்தோம். மீண்டும் திறக்க வைப்போம்!