கொத்தனாருக்கு யாரு சொல்லித் தர்றது?

போன வருஷம் ஜூன் மாசம், நல்ல மழை பேஞ்ச ஒரு ராத்திரி, எங்க வீட்டு ஹால் சீலிங்ல இருந்து ஒரு கான்கிரீட் துண்டு கீழ விழுந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆச்சி படுக்கிற பாய்க்கு ஒரு அடி தள்ளி விழுந்தது. லைட்டைப் போட்டு மேல பாத்தா, துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரியுது. வீடு கட்டி 16 வருஷம்தான் ஆகுது. குளச்சல் பக்கம், கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்ல.

"கொத்தன் ஏமாத்திட்டான்"னு சித்தப்பா கத்தினார். அப்பா ஒத்துக்கல. கட்டினவர் அப்பாவோட கூட்டுக்காரர். ஒரு சட்டி சிமெண்ட்கூட குறைக்காத மனுஷன். அப்புறம் தப்பு எங்க?

நான் சிவில் நாலாம் வருஷம். ஸ்கேல் எடுத்து அளந்தேன். கம்பிக்குக் கீழ இருந்த கான்கிரீட் 12 மில்லிமீட்டர். இதைத்தான் நாம 'கவர்'னு படிச்சோம், கம்பிக்குப் போட்ட சட்டை மாதிரி. கடலோரத்துல உப்புக்காத்து நேரா படுற கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவர் வேணும், காத்துல இருந்து மறைவா இருந்தாலும் 30 மி.மீ. வேணும்னு ஐ.எஸ். 456 விதி 2000-லயே சொல்லிடிச்சு. நான் பரீட்சையில எழுதி மார்க் வாங்கின டேபிள் அது.

அந்தக் கொத்தனாரையே போய்ப் பாத்தேன். அவர் கோபப்படல. "மக்களே, எங்க ஆசான் மெட்டல் துண்டை அடியில வச்சு கம்பியைத் தூக்குவார். நானும் அதத்தான் செய்தேன். இத்தனை மில்லின்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. சரி, இப்ப படிக்கணும்னா நான் எங்க போணும்? நீயே சொல்லு"ன்னார்.

எனக்குப் பதில் தெரியல. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடினதுதான்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கணும். ஆசான்கிட்ட கையாளா நின்னு பழகுறது மோசமான படிப்பு இல்லை. தக்கலைப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பாருங்க. அந்த மரவேலையைச் செஞ்சவங்க யாரும் டிகிரி வாங்கினவங்க இல்ல. ஆனா அந்தப் படிப்பு ஒரு நிபந்தனையிலதான் வேலை செய்யும்: பொருள் மாறக்கூடாது. தாத்தா காலத்து மரமும் சுண்ணாம்பும்தான் பேரனுக்கும்னா, தாத்தாவோட அறிவு பேரனுக்குப் போதும்.

இப்போ அப்படியா? அந்தக் கொத்தனாரோட ஒரு ஆயுசுக்குள்ளயே எல்லாம் மாறிப்போச்சு. ஆத்து மணல் போய் எம்-சாண்ட் வந்தது. அதோட துகள் கூர்மையா இருக்கும், பொடியும் ஜாஸ்தி. அதனால பழைய அளவு தண்ணி ஊத்தினா கலவை இறுகி நிக்கும். உடனே கையாள் இன்னும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துவார். வேலை சுலபமாகும், கான்கிரீட்டோட பலம் குறையும். சாதா சிமெண்ட் போய் பி.பி.சி. சிமெண்ட் வந்தது. சாதா சிமெண்டுக்கு 7 நாள் தண்ணி விட்டாப் போதும், இதுக்குக் குறைஞ்சது 10 நாள், வெயில் காலத்துல 14 நாள்கூட விடலாம்னு அதே ஐ.எஸ். 456 சொல்லுது. மூட்டை அதே கலர்லதான் இருக்கு. உள்ள இருக்கிறது மாறினதை மூட்டை தூக்குறவருக்கு யாரும் சொல்லல.

பயிற்சியே இல்லைனு சொல்ல முடியாது. தமிழ்நாட்டுல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லயே வந்துடிச்சு. 1996-ல வந்த மத்திய சட்டத்தின்படி கட்டடச் செலவுல 1 சதவீதம் செஸ்ஸா வசூலிக்க ஆரம்பிச்சாங்க. வாரியத்துல பதிவு செஞ்சவங்களுக்கு, சென்னைக்குப் பக்கத்துல தையூர்ல ஒரு வாரப் பயிற்சி. போற நாட்கள்ல சம்பளம் போகக்கூடாதுன்னு நாளுக்கு 800 ரூபாயும் அறிவிச்சாங்க. நல்ல யோசனைதான், மறுக்கல.

ஆனா நம்ம மாவட்டத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. நாகர்கோவில்ல இருந்து சென்னை 700 கிலோமீட்டர்கிட்ட. நான் இன்டர்ன்ஷிப் போன சைட்ல கொத்தனாருக்கு நாள் சம்பளம் 1,100 ரூபா. காண்ட்ராக்டர்கிட்ட மொத்தமே ஆறு பேரு. அதுல ஒருத்தர் ஒரு வாரம் போயிட்டா வேலை நின்னுடும். அவர்கிட்டயே கேட்டேன். "தம்பி, நான் காசு போட்டுப் படிக்க வைப்பேன், அவன் படிச்சிட்டு கல்ஃபுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயிடுவான். எனக்கு என்ன லாபம்?"ன்னார். இது கஞ்சத்தனம் இல்ல. அவர் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்.

இந்தப் பயத்துக்கு வேற நாடுகள் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. பிரிட்டன்ல 1964-ல கட்டுமானத் தொழிலுக்குன்னே ஒரு பயிற்சி வாரியம் ஆரம்பிச்சாங்க. பெரிய கம்பெனிகள் சம்பளக் கணக்குல ஒரு பங்கு கட்டணும். சம்பளச் செலவு ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற சின்ன கம்பெனி எதுவும் கட்ட வேண்டாம், ஆனா ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினா அதுக்கும் மானியம் உண்டு. பயிற்சிச் செலவு பொதுப் பானையில இருந்து வருது. படிச்சவன் அடுத்த கம்பெனிக்குப் போனாலும் முதல் முதலாளிக்கு முழு நஷ்டம் இல்ல. நம்மகிட்ட செஸ் வடிவத்துல அந்தப் பானை ஏற்கெனவே இருக்கு. அதுல இருந்து ஒரு கரண்டி நம்ம ஊருக்கு வர்றதுக்குத்தான் வழி வேணும்.

என் யோசனை இதுதான். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு. மழை நாள்ல கான்கிரீட் போட முடியாது, கொத்தனாரும் கையாளும் சம்பளம் இல்லாம வீட்டுல இருப்பாங்க. அந்த நாட்களைப் பயிற்சி நாளா மாத்துங்க. கோணத்துல பாலிடெக்னிக் இருக்கு, ஐ.டி.ஐ. இருக்கு, இன்ஜினியரிங் காலேஜும் இருக்கு. அரை நாள் போதும். ஒரு நாள் கவர், ஒரு நாள் தண்ணி அளவு, ஒரு நாள் கம்பி கட்டுறது. வர்றவங்களுக்கு அந்த 800 ரூபாயை இங்கேயே வாரியம் கொடுக்கட்டும். வேலை நின்ன நாள்ங்கிறதால காண்ட்ராக்டருக்கும் நஷ்டமில்ல. நம்ம சைட்டுகள்ல வங்காளத்துல இருந்தும் ஒடிசால இருந்தும் வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இந்தியில சொல்ல ஒரு ஆளும் வேணும்.

"கிளாஸ் ரூம்ல உக்காந்து கொத்தனார் என்ன கத்துக்கப் போறாரு?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அதனாலதான் கிளாஸ் ரூம் வேண்டாம்னு சொல்றேன், லேப் போதும். ஒரே கலவையில ரெண்டு வாளி தண்ணி கூட்டி ஒரு க்யூப், கூட்டாம ஒரு க்யூப் போடச் சொல்லுங்க. 28 நாள் கழிச்சு மெஷின்ல ரெண்டையும் அவர் கண் முன்னாடியே உடைங்க. அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம்.

நமக்கும் இதுல பாடம் இருக்கு. நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். சைட்ல முதல் நாள் "ரசமட்டம் எடு தம்பி"ன்னு சொன்னப்போ முழிச்சிட்டு நின்னேன். ஸ்பிரிட் லெவல்தான் அது. கோடு தெரிஞ்ச எனக்கு அவர் பாஷை தெரியல, வேலை தெரிஞ்ச அவருக்கு என் கோடு தெரியல. நடுவுல எங்க ஆச்சி பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க.

அடுத்த வாரம் அதே கொத்தனார்தான் எங்க சீலிங்கைச் சரி பண்ண வர்றார். நான் கையாளா நிக்கப் போறேன். அவருக்கு நம்ம லேபை ஒருநாள் காட்டணும்னு எச்.ஓ.டி.கிட்ட பர்மிஷன் கேட்டிருக்கேன். உங்க தெருவுலயும் ஒரு கொத்தனார் இருப்பார். அடுத்த மழை நாள்ல அவரையும் கூட்டிட்டு வாங்க.