பட்டியலில் இல்லாத பிழை

கணிப்புக் கணிதம் என்பது சூத்திரம் கைவிட்ட இடத்தில் எண்ணை வைத்துத் தேடும் வேலை. கரை உடைந்து ஓடும் வெள்ளத்துக்கும், மோதி நசுங்கும் காரின் கதவுக்கும் தாளில் எழுதி முடிக்கும் விடை கிடையாது. தோராயமாகத்தான் நெருங்க முடியும். தோராயம் என்றாலே பிழை உண்டு. அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, எங்கே பெருகுகிறது, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதுதான் இத்துறையின் பாடம், மற்றதெல்லாம் கைப்பழக்கம். அறிவியல் நிரலாக்கம் கற்க விரும்பும் தமிழ் இளைஞர் படித்தே ஆக வேண்டிய நூல்கள் என்று அண்மையில் ஓர் இதழ் நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பைதானில் தொடங்கி இயந்திரக் கற்றலில் முடியும் அந்தப் பட்டியலில் பிழையைப் பற்றி ஒரு நூல்கூட இல்லை. கூடவே ஒரு முன்னுரை வேறு: கணினி வரும்வரை தமிழ் மனத்துக்குக் கணிப்பு என்பதே அந்நியமாம். இரண்டும் பதில் கோருபவை.

முதலில் படிக்க வேண்டியது நூலே அல்ல, ஒரு கட்டுரை. ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் துறையை நிறுவிய ஜார்ஜ் ஃபோர்சைத் 1970-இல் எழுதியது. கணிதப் புத்தகம் மட்டும் ஏன் போதாது என்பது அதன் பொருள். அதில் வரும் உதாரணங்களில் ஒன்று பள்ளிக்கூடத்து இருபடிச் சமன்பாடு. எக்ஸ் வர்க்கம், பத்துக் கோடி எக்ஸ், ஒன்று, மூன்றையும் கூட்டினால் சுழி என்று வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புச் சூத்திரத்தை அப்படியே கணினியில் எழுதிப் பார்க்கலாம். சிறிய மூலம் ஏறத்தாழ −0.00000001 என்று வர வேண்டும். வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் இயந்திரம் தருவது −0.00000000745. கால் பங்கு தவறு! சூத்திரம் சரி, நிரல் சரி, கணினியும் பழுதில்லை. விடை மட்டும் தவறு. ஏறத்தாழ சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, இயந்திரம் பிடித்து வைத்திருக்கும் பதினாறு இலக்கங்களில் முன்னால் உள்ளவை அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது வால், அந்த வாலில் இருப்பதோ முழுமையாக்கல் பிழை. பரிகாரமும் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. மூலங்களின் பெருக்கற்பலன் இங்கே 1. பெரிய மூலத்தை முதலில் கண்டு, அதனால் 1-ஐ வகுத்தால் சிறிய மூலம் சுத்தமாக வந்து விழும். இந்த ஒரு கணக்கைச் செய்து பார்த்தவருக்குப் பட்டியலில் பாதி தேவைப்படாது.

அடுத்தது வில்கின்சன். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பைலட் ஏஸ் என்ற தொடக்ககாலக் கணினியோடு உழன்றவர். அவரது 1963-ஆம் ஆண்டு நூல் முழுக்க முழுமையாக்கல் பிழை பற்றியது. ஒன்று முதல் இருபது வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு பல்லுறுப்புக் கோவையை அவர் எடுத்தார். அதைவிடச் சாதுவான கோவை இருக்க முடியாது. அதில் பத்தொன்பதாம் படியின் கெழு −210. அதை ஒரு கோடியில் ஒன்றைவிடச் சற்றே கூடுதலான அளவுக்கு, இரண்டின் −23-ஆம் அடுக்கு அளவுக்கு, அசைத்தார். இருபது மூலங்களில் பத்து மெய்யெண்களாக இருப்பதையே விட்டுவிட்டுக் கலப்பெண்களாக மாறின. கணினி இங்கே எந்தக் குற்றமும் செய்யவில்லை, கேள்வியே நொய்மையானது. கேள்வியின் நொய்மை வேறு, முறையின் நொய்மை வேறு என்று பிரித்துக் காட்டியவர்களில் வில்கின்சனே முன்னோடி. அந்தப் பிரிவை அறியாதவர் எத்தனை மொழிகளில் நிரல் எழுதினாலும் தட்டச்சு செய்பவரே.

இதற்குப் பிறகுதான் முறைகளைப் பற்றிய நூல்கள். ரிச்சர்ட் ஹாமிங் 1962-இல் எழுதியது இன்றும் பழசாகவில்லை. விடையாக வரும் எண் எதற்காக என்ற கேள்வியை அவர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் விடாமல் கேட்கிறார். ஃபோர்மன் ஆக்டன் 1970-இல் எழுதிய நூலின் நடுவே எதையெல்லாம் கணிக்கவே கூடாது என்று ஓர் இடைப்பகுதி வருகிறது. தமிழில் விமர்சனம் எழுதுவோரும் அதைப் படிக்கலாம்.

இந்திய நூல்களை ஒதுக்குவது அந்தப் பட்டியலின் இன்னொரு மேட்டிமை. கான்பூர் ஐஐடிக்கு 1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. அங்கே கற்பித்த, ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் 1969-இல் ஃபோர்ட்ரான் நூலை வெளியிட்டபோது விலை 15 ரூபாய். ஒளிநகல் எடுத்தால் ஆகும் செலவு. கணினியைக் கண்ணால் பார்க்காத ஊர்களிலும் அவர் நூல்களால் நிரல் எழுதக் கற்றவர்கள் உண்டு. டெல்லி ஐஐடி பேராசிரியர்கள் மூவர் எழுதிய தடித்த நூலோ முறைகளோடு பிழை வரம்புகளையும் நிறுவுகிறது. ஆனால் தாம்பரம் வட்டாரத்துப் பொறியியல் மாணவர் கையில் இருப்பது இவை அல்ல, தேர்வுக்கு முன் வாங்கும் கைடு. நியூட்டன்-ராப்சன், காஸ்-சீடல், சிம்ப்சனின் மூன்றில் ஒன்று விதி, நான்காம் படி ரங்கே-குட்டா. காசியோவில் தட்டி, நான்கு தசம இடம் வரை எழுதினால் முழு மதிப்பெண். முறை எப்போது ஒருங்காமல் ஓடும் என்பது இரண்டு மார்க் கேள்வி.

இனி, முன்னுரையில் வந்த அந்நியம் என்ற கூற்று. 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 248 நாள் சுழற்சிக்கு நாளுக்கொன்றாகச் சந்திரனின் இருப்பைச் சொல்லும் வாக்கியங்கள் இந்த மரபின் முதுகெலும்பு. இன்றைய மொழியில் அது மனத்தில் ஏற்றிய அட்டவணை. 1952-இல் வானியல் வரலாற்றாளர் ஓட்டோ நியூகபவர் அந்தக் கிரகணக் கணிப்பை ஆராய்ந்தபோது கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடமே பிழை என்று குறித்தார். பெருமை பேச இது போதும். ஆனால் வாரன் சொன்ன இன்னொன்றைப் பெருமை பேசுவோர் விட்டுவிடுவார்கள்: அந்தக் கணிதருக்கு விதிகளின் காரணம் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. காரணம் அறியாமல் நூலகச் செயற்கூறை அழைத்து விடை வாங்கும் இன்றைய நிரலர் அவருக்கு நேர் வாரிசு. சோழிக்காரருக்காவது கிரகணம் வானத்தில் வந்து பிழையைச் சொல்லிவிடும்.

மரபு அந்நியமல்ல, பிழையைப் பற்றிய கவலைதான் அந்நியம். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு வரும்போது அந்தக் கவலை இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922-இல் வானிலையை எண்களால் முன்கணிக்க நூல் எழுதினார். கையால் போட்ட அவர் கணக்கு ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் அழுத்த மாற்றம் என்று சொன்னது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தோற்ற கணக்கை மறைக்காமல் அச்சிட்டாரே, அதற்காகவே அந்த நூல் பட்டியலில் இருக்க வேண்டும். 1928-இல் கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதர் மூவரும் காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வோர் அடியிலும் முன்னேறும் நேரம், எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்று வரம்பு கண்டார்கள்.

அந்த வரம்பை நம்மூர் வெள்ளத்தில் வைத்துப் பார்க்கலாம். படப்பைக்கு அருகே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறாக உருவெடுக்கிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த வெள்ளத்தைப் பத்து மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்துக் கணிப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் ஆழ நீரில் அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர். ஆகவே சாதாரண வெளிப்படை முறையில் காலப்படி 1.6 நொடியைத் தாண்டக் கூடாது. ஓட்டத்தின் வேகத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஒரு நாளுக்கு 54,000 படிகளுக்கு மேல். அவசரப்பட்டு ஐந்து நொடி என்று வைத்தால் திரையில் நீர்மட்டம் மலையளவு எழும்பி, பிறகு எண்ணே இல்லாமல் போகும். அங்கே நிரலில் குற்றம் தேடுபவர் இரவெல்லாம் தேடலாம்.

நிரல்மொழி கடைசியில் வருவது. பைதானில் ஒரு வரியில் நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொன்னால் அடியில் வேலை செய்வது ஃபோர்ட்ரானில் பிறந்த லாபாக் என்ற நிரல் நூலகம். மொழியைப் பழக மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. அதற்கு ஒரு மாதம் தாராளம்.

பட்டியல் போடுவது தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலின் பழைய நோய். அமைப்பியல் வந்தபோது மூலநூலைத் தொடாமல் பெயர்கள் அடுக்கப்பட்டன. பின்நவீனத்துவத்துக்கும் அதே மரியாதை நடந்தது. இப்போது முறை கணினிக்கு. குரோம்பேட்டை எம்ஐடியில் படித்து வந்த எழுத்தாளர் சுஜாதா பெயர்களை அடுக்காமல் கணினியைத் தமிழில் விளக்கினார். அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களும் இதே பட்டியல்காரர்கள்தான். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அந்த மாணவர்களுக்காக இருபடிச் சமன்பாட்டில் தொடங்கி அடையாற்று வெள்ளத்தில் முடியும் நூற்றைம்பது பக்க நூல் ஒன்றை, பிழையை முதல் அத்தியாயமாக வைத்து, யாராவது எழுத வேண்டும். அதுவரை கல்லூரி நூலகர்கள் ஹாமிங்கின் மலிவான டோவர் மறுபதிப்பில் இரண்டு படிகள் வாங்கி வைக்கட்டும்.