பளபள அலாய் ரிம்: மலை ஏறுமா? உயிரை வாங்குமா?

2022 ஏப்ரல் 2. ஜவ்வாது மலை புலியூர் கிராமத்தார் வேனில் ஏறிக் கோவிலுக்குக் கிளம்பினார்கள். போகிற வழியில் வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் மாண்டார்கள்.

அந்த விபத்தைச் சக்கரத்தின் தலையில் போட முடியாது. ஆனால் மலைப் பாதையில் வண்டி கை நழுவினால் மறு வாய்ப்பு கிடையாது என்பதற்கு அந்த 11 உயிர்களே சாட்சி.

அப்படிப்பட்ட பாதையில் சாமையும் புளியும் ஏற்றி இறக்குகிற மினி லாரிக்கு, கம்பெனி இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு வெளிக்கடை அலாய் ரிம் மாட்டலாமா?

690 கிலோவில் 900 கிலோ!

அலாய் எல்லாமே மோசம் அல்ல. அழுத்தி அடித்துச் செய்த ரிம் எடை குறைவு, உறுதியும் உண்டு. பெரிய லாரிகள் பல நாடுகளில் அதில்தான் ஓடுகின்றன. காருக்காக அச்சில் ஊற்றி வார்த்த ரிம்மைச் சரக்கு வண்டிக்கு மாட்டுவதுதான் வம்பு.

கணக்கு எளிது. பின் அச்சில் 1,800 கிலோ இறங்கினால், பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டியில் ஒரு ரிம்முக்கு 900 கிலோ. ரிம்மில் 690 கிலோ என்று பொறித்திருந்தால்? கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் பாரம் இன்னும் கூடும்.

குழியில் இடித்தால் இரும்பு ரிம் நெளியும். வண்டி ஆடும், டிரைவர் உஷாராகிவிடுவார். மட்டமான வார்ப்பு ரிம் விண்டே போகும்.

"அதே போல்ட்டுதான் அண்ணே!"

"அதே அஞ்சு போல்ட்டு, அப்படியே உட்காரும் அண்ணே" என்பார் கடைக்காரர். போல்ட்டு ஓட்டை சேர்ந்தால் மட்டும் போதாது.

நடு ஓட்டை ஹப்பில் ஒட்டி உட்கார வேண்டும். நட்டின் அடி கூம்பா, தட்டையா என்று பார்க்க வேண்டும். அலாய் ரிம் தடிமன் அதிகம். பழைய போல்ட்டு நீளம் போதாவிட்டால் நட்டு நாலு மரையில் தொங்கும். ரிம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் சீக்கிரம் தேயும். மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்கியே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. ஆர்.சி.யில் டயர் அளவும் இருக்கிறது. எப்.சி.க்கு வரும் வண்டியில் விளக்கையும் ஹாரனையும் பார்க்கிற அதிகாரிகள், குனிந்து ரிம்மில் பொறித்த எண்ணையும் பார்க்கட்டும்.

வண்டி முதலாளிகளே! பாரக் கணக்கு பொறிக்காத ரிம் இனாமாக வந்தாலும் வாங்காதீர்கள். பளபளப்பு நாலு நாள். பள்ளத்தில் விழுந்த உயிர் திரும்பி வராது!