நகல் என்று சொல்லாத நகல்கள்: மைசூர் வாணமும் அதன் போலிப் பரம்பரையும்

சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காட்டு ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவில் முடிகிறது. 2019இல் அங்குப் பார்வையாளர் மாடம் திறக்கப்பட்ட பின், ஏவுதல் நாள்களில் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மாணவர்கள் திரள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வரலாற்றை முன்கூட்டியே மனத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். திப்பு சுல்தானின் படைக்கூடத்தில் தொடங்கி ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதளம்வரை வளையாமல் நெளியாமல் வந்து சேரும் ஒரு நேர்க்கோடு அது. கல்லூரிக் கண்காட்சிகளில் இந்தக் கோட்டுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பொருள் வைக்கப்படுகிறது: பளபளக்கும் உலோகக் குழாய், அதில் கட்டிய வாள், பக்கத்தில் வெள்ளை வண்ணம் பூசிய பி.எஸ்.எல்.வி. உருவம். குழாயின் கீழே ‘மைசூர் ராக்கெட்’ என்ற அட்டை. ‘நகல்’ என்ற மூன்றெழுத்து எங்கும் இராது.

அந்த மூன்றெழுத்து இல்லாமை சிறு கவனக்குறைவு என்று கடந்துபோவோர் ஆய்வுலகிலும் உண்டு. ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு சொல் விடுபட்டால், காட்சிப்பொருள் சான்றாகவே மாறிவிடுகிறது. பாடநூலின் பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம். இரும்பில் செய்துவைத்த பிழையைத் திருத்த வழியில்லை. கண்ணால் கண்டதை எவரும் ஐயுறுவதில்லை.

உறுதியாகத் தெரிந்தவற்றைப் பார்ப்போம். ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வுரை, லண்டன் வுல்விச்சில் பாதுகாக்கப்பட்ட இரண்டு அசல்களின் அளவுகளைத் தருகிறது. ஒன்று ஏறத்தாழ 58 மி.மீ. விட்டமும் 254 மி.மீ. நீளமும் உடைய இரும்புக் குழல். ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்வாளோடு தோல்வாரால் பிணைக்கப்பட்டது. மற்றது 37 மி.மீ. விட்டம், 198 மி.மீ. நீளம், ஆறடிக்குச் சற்று மேற்பட்ட மூங்கிற்கழியில் கட்டப்பட்டது. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றியவை 600 ஏவுகருவிகள், பயன்படும் நிலையில் 700 வாணங்கள், மருந்திடாத 9,000 வெற்றுக் குழல்கள். நிறைந்தவற்றைவிட வெற்றுக் குழல்கள் பன்மடங்கு என்பதே ஓர் ஆய்வு வினா. உற்பத்தி ஒழுங்கு, வெடியுப்பு வரத்து, முற்றுகைக்காலச் செலவு ஆகிய அனைத்தும் அந்த விகிதத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கண்காட்சி மேசையில் இவற்றுக்கு இடமில்லை. வாளுக்கு மட்டுமே இடம்.

வாள் கண்ணைக் கவர்கிறது, கவரட்டும். மைசூர் வாணத்தின் உண்மையான சாதனையோ அதன் குழலில் இருக்கிறது. ஐரோப்பிய வாணங்கள் அட்டைக் குழலில் மருந்தடைத்துக் கிடந்த காலத்தில், மைசூர்க் கொல்லர்கள் தகட்டிரும்பை அடித்து உருட்டி, உள்ளழுத்தத்தைத் தாங்கும் உறையைச் செய்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வீச்சு அந்த உறையால் வந்தது. இன்றைய நகல், கடையில் வாங்கிய பொருத்தில்லாக் குழாயை லேத்துப் பட்டறையில் கடைந்து மெருகேற்றியதாக இருந்தால், மறைந்துபோவது எது? சம்மட்டித் தழும்பு, தகடு கூடும் பொருத்து, சீரற்ற சுவர்த்தடிப்பு, தோல்வாரின் முடிச்சு: தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்க அனைத்தும் மறைந்துபோகின்றன. கொல்லரின் கையைத் துடைத்தெறிந்துவிட்டு மன்னரின் வாளை மட்டும் வைத்துக்கொள்ளும் நகல் இது. தலைப்பாகை கட்டிய வரலாறு நமக்குப் புதிதன்று.

அடுத்து அந்த நேர்க்கோடு. அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதள வரவேற்பறையில் மைசூர் வாணப்படையைச் சித்திரித்த ஓவியத்தைக் கண்டதாக அப்துல் கலாம் தம் வரலாற்றில் எழுதினார். அவர் அடைந்த பெருமிதம் நியாயமானது. அதைத் தொழில்நுட்பப் பரம்பரையாக மாற்றியவர்கள் பின்வந்தோர். மைசூரிலிருந்து ஒரு கோடு போகிறது என்பது மெய்தான். அது போய்ச் சேர்வது வுல்விச்சுக்கு. கைப்பற்றிய வாணங்களை ஆராய்ந்த பின்னணியில்தான் காங்கிரீவ் 1804, 1805 ஆண்டுகளில் தம் வாணங்களை உருவாக்கினார். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதலில் எழுந்தது அமெரிக்க நைக்-அப்பாச்சி. நீர்ம எரிபொருள் விகாஸ் எந்திரத்தின் மூலம் பிரெஞ்சு வைக்கிங். ஸ்ரீஹரிகோட்டாவில் வார்க்கப்படும் திட எரிபொருளுக்கும் கரிமருந்துக்கும் வேதியியலில் உறவு மிகத் தொலைவு. இவ்வளவையும் சொல்லாமல் குழாயையும் பி.எஸ்.எல்.வி.யையும் அருகருகே நிறுத்துவது, இடைத்தலைமுறைகளை அழித்துவிட்டு எழுதிய குலவரலாறு.

உள்ளூர்க் கரிமருந்து வரலாறு வேண்டுமென்போர் தொலைவு போக வேண்டியதில்லை. அதே ஏரியின் தென்கோடியில் பழவேற்காடு இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையும் அங்கே அவர்கள் நடத்திய வெடிமருந்து ஆலையும் ஆசியக் கடல்வணிகப் போர்களுக்கு மருந்து அனுப்பின. அதற்கு நகல் செய்ய எவரும் முன்வரவில்லை. ஆலையில் உழைத்தவர்களைக் கொண்டு பெருமை பேச முடியாது போலும்!

நகரா கண்டெடுப்பு இந்தச் சோம்பலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், நீர் வற்றிய கிணறொன்றிலிருந்து 2018இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழல்கள் வெளிவந்தன.  அவற்றுள் பொட்டாசியம் நைட்ரேட், கரி, மக்னீசியப் பொடி இருந்ததாகச் செய்தி ஏடுகள் எழுதின. ஹம்ஃப்ரி டேவி மக்னீசியத்தைத் தனிமமாகப் பிரித்தது 1808இல். திப்பு இறந்தது 1799இல். பொடியாக்கிய மக்னீசிய உலோகம் அக்குழலில் இருந்திருக்க வழியேயில்லை. ஏதோ ஒரு மக்னீசியச் சேர்மம் மண்ணிலிருந்தோ மருந்திலிருந்தோ வந்திருக்கலாம். பள்ளி வேதியியலே எழுப்பும் இந்த ஐயத்தைக் கேளாமல் அச்செய்தி கட்டுரைகளுக்குள் புகுந்தது. ஆயிரம் அசல்கள் கிடைத்த பிறகும் நகல்கள் கற்பனையிலிருந்தே செய்யப்படுகின்றன என்றால், குறை லேத்துக்காரருடையது அன்று. அவருக்கு அளவுப்படம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

சேகரிப்போர் சந்தை இதனினும் சிக்கலானது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் தன் 10.5 செ.மீ. பீரங்கிகளால் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தப் பெயர் தமிழில் வசைச்சொல்லாகவும் வியப்புச்சொல்லாகவும் நிலைத்துவிட்டது. அத்தகைய குண்டின் நகலை ஒருவர் வரவேற்பறையில் வைக்க விரும்பினால் அதில் குற்றமில்லை. ஆனால் முத்திரையில்லாத நகல் இரண்டு கை மாறினால் ‘தாத்தா காலத்து அசல்’ ஆகிவிடும். சுடப்பட்ட குண்டின் அடிப்புறச் செப்பு வளையத்தில் பீரங்கிக் குழலின் சுருள்வரிகள் பதிந்திருக்கும். வழவழப்பான வளையமுடைய ஒன்றை ‘சென்னை மீது விழுந்தது’ என்று காட்டினால் அது பொய். பித்தளை உறையையே குண்டு என்று பெயரிடும் வழக்கமும் உண்டு. உறை சுட்ட இடத்திலேயே தங்குவது. சட்டமும் இங்கே வந்து நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருளாகலாம். எம்டனின் குண்டு 2014இலேயே அந்த வயதைத் தொட்டுவிட்டது. உரிமமின்றி விற்கக் கூடாத அசலை ‘நகல்’ என்று சொல்லி விற்பதும், நகலை அசலாக்கி விற்பதும், குறியில்லாத பொருளுக்கு ஒரே அளவில் எளிது. அமெரிக்காவில் போலி நாணயங்களில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என 1973இலேயே சட்டம் வந்தது. நாணயத்துக்கு உள்ள மதிப்பு பீரங்கிக்குண்டுக்கு இல்லை போலும்.

நகலே கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் குறைவு. பழைய குண்டு எந்நேரமும் உயிருள்ளதாக இருக்கக்கூடும். 2004இல் காஜியாபாத் அருகே இரும்பாலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியானதை மறக்கலாகாது. பார்வையற்ற மாணவர் தொட்டறிய நகல் வேண்டும். துருப்பிடித்த அசலை ஆயிரம் கைகளுக்குக் கொடுக்க முடியாது. நல்ல நகல் ஆய்வுக் கருவியுமாகும்: தகட்டை அடித்து உருட்டிப் பார்க்கும் கொல்லர், ஏட்டறிஞர் கேட்கத் தெரியாத கேள்வியைக் கேட்பார்.

ஆகவே கேட்கப்படுவது மிகக் குறைவே. ‘நகல்’ என்ற சொல்லும் செய்த ஆண்டும் உலோகத்திலேயே ஆழமாகப் பொறிக்கப்பட வேண்டும். வண்ணத்தில் எழுதியது சுரண்டினால் போய்விடும். எந்த அசலைப் பார்த்துச் செய்தது, எந்தப் பகுதி ஊகம் என்பதை அட்டை சொல்ல வேண்டும். புள்ளலூரில் 1780இல் பெய்லியின் மருந்துவண்டிகள் வெடித்ததற்கு வாணமா பீரங்கியா காரணம் என்பதில் குறிப்புகள் ஒன்றுபடவில்லை. அதையும் அவ்வாறே எழுத வேண்டும். தரியா தவுலத் பாக் சுவரோவியம் வென்றவர் வரைவித்தது என்பதையும் சேர்த்தே எழுதலாம். எல்லாவற்றுக்கும் முன், நகராவின் ஆயிரம் குழல்களும் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டு, எடையிடப்பட்டு, பொருத்துகள் படமெடுக்கப்பட்டு, அந்த அளவுப்படங்கள் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அடுத்த லேத்து அதற்குப் பிறகு ஓடட்டும்.